மருந்துப் பதிவேட்டில் காலிக் கட்டம் வேண்டாம்

முதியோர் இல்ல மருந்துப் பதிவேட்டில், மாத்திரை கொடுக்காத வேளைக்கும் ஓரெழுத்து போடச் சொல்லுங்கள்: மறுத்தால் ‘ம’, ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ‘ஆ’, டாக்டர் நிறுத்தியிருந்தால் ‘நி’. கூடவே பணியாளரின் சுருக்கொப்பம். கட்டம் காலியாக இருந்தால், விட்டுப்போனது மருந்தா கையெழுத்தா என்று யாருக்கும் தெரியாது. ஆய்வுக்கு வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார். அதைவிட ஆபத்து, அடுத்த ஷிப்டில் வருகிறவர் சர்க்கரை மாத்திரையை இரண்டாம் முறை கொடுத்துவிடுவது. வயதானவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். விழுங்கியதைப் பார்த்த பிறகே ஒப்பமிட வேண்டும், மொத்தமாக இரவில் உட்கார்ந்து நிரப்பவே கூடாது.

வலி மாத்திரை போலத் தேவைப்படும்போது மட்டும் கொடுப்பவற்றுக்கு இது ஒத்துவராது. அவற்றுக்கு நேரம், காரணம், பலன் எழுதத் தனித்தாள் வையுங்கள்.