ஸ்டீயரிங் நடுங்குதா? பேலன்சிங் மெஷின் பக்கத்திலேயே நில்லுங்கள்

போன மழைக்காலம் முடிந்த கையோடு வேளச்சேரியிலிருந்து மாமல்லபுரம் போனேன். ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டி 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. 60-க்குக் குறைத்தால் அடங்கிவிடும். பேலன்சிங் போனால், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லாமல் போனால் இப்படித்தான், ஒரு வேகத்துக்கு மேல்தான் தெரியும். ஸ்டீயரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அது பெரும்பாலும் அலைன்மென்ட் வேலை, அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. டயர்க் கடையில் இதைப் பிரித்துச் சொன்னால் வீண் செலவு மிச்சம்.

எடையைச் சமன் செய்ய ரிம்மில் மாட்டும் சின்ன உலோகத் துண்டுதான் வெயிட். நான் முதலில் போன கடையில் பழைய வெயிட்டைக் கழற்றாமலேயே புதிதை ஒட்டினார்கள். மறுநாளே பழையபடி நடுக்கம். அடுத்த கடையில் ஒரு தம்பி, "அக்கா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினார். ரிம்மின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. தேங்கிய தண்ணீரில் ஓட்டியதில் சேர்ந்தது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்த மெஷின் 55 கிராம் வெயிட் கேட்டது. சேற்றைச் சுரண்டி, பழைய வெயிட்டை எடுத்து, துடைத்துவிட்டு மறுபடி சுற்றினார். இப்போது 15 கிராம்தான்!

அதனால் சக்கரம் மெஷினில் ஏறும் முன்பே சேறு, டயர் பள்ளத்தில் சிக்கிய கல், பழைய வெயிட் எல்லாம் போய்விட வேண்டும். ரிம்மின் நடு ஓட்டையில், சக்கரத்தை மெஷினில் பிடித்து நிறுத்தும் கூம்பு வடிவக் கோன் நேராக உட்கார வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் எண் தப்பாக வரும். சந்தேகமா? சக்கரத்தைக் கழற்றி அரைவட்டம் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். எண் நிறைய மாறினால் மாட்டியதில்தான் பிசகு.

சக்கரம் சுற்றும்போது கண் டயர் மேல் இருக்கட்டும். விளிம்பு மேலும் கீழுமாக அலைந்தால் ரிம் வளைந்திருக்கலாம், டயர் வீங்கியிருக்கலாம். எத்தனை வெயிட் போட்டாலும் அது சரியாகாது. வீங்கிய டயரை மாற்றியே ஆக வேண்டும், ஓடும்போது வெடித்துவிடலாம்.

இரும்பு ரிம்முக்குத் தட்டி மாட்டும் கிளிப் வெயிட், அலாய்க்கு ஒட்டும் வெயிட். ஒட்டும் இடம் சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் விழுந்துவிடும். வெயிட் போட்டபின் இன்னொரு சுற்று சுற்றி, ரிம்மின் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டுக்கும் 0 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டே நகருங்கள். அவசரத்தில் பல கடைகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நட்டுகளை முதலில் கையால் திருகி, அப்புறம் எதிரெதிராக இறுக்க வேண்டும்.

முடிந்ததும் அதே சாலையில் அதே 80-ல் ஓட்டிப் பாருங்கள். இன்னும் நடுங்கினால் முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் இடம் மாற்றுங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கை விட்டு சீட்டுக்குப் போனால் கோளாறு சக்கரத்தில்தான். ஸ்டீயரிங்கிலேயே நின்றால் மெக்கானிக்கிடம் சஸ்பென்ஷனையும் ஆக்சிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.