கராஜ் கூரையில் ஏணி: தரையில் நின்றே ஏற்றி இறக்க

கொழும்பு வீடுகளில் கராஜ் என்றால் பெரும்பாலும் மேல்மாடி ஸ்லாப்பின் கீழே ஒரு கார் நிற்க விட்ட இடம்தான். தண்ணீர் மோட்டர், பழைய டயர், சைக்கிள், பெயின்ட் வாளி என்று சுவரோரம் ஏற்கெனவே நிறைந்திருக்கும். ஏணியைச் சாய்த்து வைத்தால் காரில் விழும், படுக்க வைத்தால் ஆள் இடறும். மேலேயோ இடம் சும்மா கிடக்கிறது. ஆனால் மேலே மாட்டிய ஏணி பல வீடுகளில் மறுபடியும் சுவருக்கே வந்துவிடுகிறது. அதை இறக்க இன்னோர் ஏணி தேவைப்படுவதுதான் காரணம். ஆகவே ட்ரில் மெஷினைத் தேடுவதற்கு முன் உயரத்தைத் தீர்மானியுங்கள்.

வீட்டில் ஏணியை அதிகம் எடுப்பவர் யாரோ, அவரைச் சுவரோரம் நிறுத்தி இரண்டு கையையும் உயர்த்தச் சொல்லுங்கள். விரல் நுனி எட்டும் இடம் கணக்கில்லை. ஏணியைப் பிடிக்கும் உள்ளங்கை எட்டும் இடத்தைச் சோக்கால் குறியுங்கள். ஐந்தரை அடி உயரமானவருக்கு அது ஏறக்குறைய ஆறே முக்கால் அடியில் வரும். ஏணியைத் தாங்கும் குறுக்குக் கம்பி அந்த மட்டத்தில் இருக்க வேண்டும். ஆறரை அடிக்குக் கீழே இறக்காதீர்கள், தலையில் இடிக்கும்.

அடுத்தது வாகனம். வேகன் ஆர் போன்ற கார் ஏறத்தாழ 1.65 மீற்றர்தான், கூரை இடிக்காது. பின் கதவைத் திறந்து வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். டொயோட்டா கே.டி.எச். வான் கிட்டத்தட்ட 2 மீற்றர் உயரம். அதற்கு நேர் மேலே ஏணி சரிவராது, பக்கச் சுவரோரமாகத் தள்ளிப் போடுங்கள். ரோலர் டோர் உள்ள கராஜில் கதவை முழுதாகத் திறந்து வைத்து அளக்க வேண்டும். சுருள் அப்போதுதான் மிகத் தடிப்பாக இருக்கும். மூடியிருக்கையில் அளந்து பொருத்திவிட்டு, பிறகு ஏணி நுனி சுருளில் உரசுகிறது என்று தலையைச் சொறிவதில் பயனில்லை.

ஏணி காரின் நீளவாக்கில், கேற்றை நோக்கி இழுத்து எடுக்கும் விதமாக இருப்பது நல்லது. பத்தடி ஏணியை இழுக்க முன்னால் பத்தடி வெற்றிடம் வேண்டும். கேற்றைத் திறந்தால் கிடைக்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லா ஏணியும் மேலே போக வேண்டியதில்லை. நான்காக மடியும் பல்நோக்கு ஏணி மடித்தால் ஏறக்குறைய மூன்றடிதான். அதைச் சுவரில் இரண்டு கொக்கியில் மாட்டுவதே புத்தி. பல்பு மாற்ற அடிக்கடி எடுக்கும் ஐந்தடி ஏ வடிவ ஏணியும் கீழேயே இருக்கட்டும். ஒற்றை ஏணி, இழுத்து நீட்டும் ஏணி, மர ஏணி ஆகியவைதான் மேலே போகத்தக்கவை. நிறை தெரியாவிட்டால் குளியலறைத் தராசில் ஏணியோடு ஒரு தடவை, ஏணி இல்லாமல் ஒரு தடவை ஏறிக் கழித்துப் பாருங்கள்.

ஸ்லாப் எப்படிப்பட்டது?

இதைப் பார்க்காமல் துளை போடவே கூடாது. வார்த்த முழு ஸ்லாப் என்றால் பிரச்சினை குறைவு. வீடுகளில் வழமையாக ஐந்து அங்குலம் அளவில் இருக்கும். கீழிருந்து பார்க்கையில் ஏறத்தாழ இரண்டடிக்கு ஒன்றாக மெல்லிய பீம்கள் வரிசையாக ஓடினால் அது முன்வார்ப்பு பீம் ஸ்லாப், ஆக்கள் நேர்ட் ஸ்லாப் என்பார்கள். அந்தப் பீமுக்குள் இழுத்து முறுக்கேற்றிய கம்பிகள் இருக்கின்றன. அதில் துளை போடாதீர்கள். கம்பி அறுந்தால் பீமின் பலமே போய்விடும். இடையில் உள்ள கொங்கிரீட்டோ மிக மெல்லியது, கொங்கிரீட்டுக்குள் விரிந்து கவ்வும் அங்கர் போல்ட்டைப் பிடிக்கும் ஆழம் அதில் கிடையாது. இப்படியான கராஜில் சுவருக்குச் சுவர் இரும்புக் குழாய் ஒன்றைப் போட்டு அதிலிருந்து தொங்கவிடுவதே வழி.

காலி வீதிக்குக் கடல் பக்கமாக, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் உள்ள பழைய வீடுகளில் இன்னொரு சோதனை உண்டு. சுத்தியலால் ஸ்லாப்பின் அடியை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால், அல்லது கறள் நிறக் கோடு தெரிந்தால், உள்ளே கம்பி கறள் பிடித்து ஊதிக் கொங்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். அங்கே ஏணி அல்ல, எதையுமே தொங்கவிடாதீர்கள். முதலில் ஸ்லாப்பைத் திருத்த வேண்டும்.

சட்டம்

கடைகளில் விற்கும் கொக்கிகளை விட வெல்டிங் பாஸிடம் சொல்லிச் செய்விக்கும் இரண்டு 'யூ' சட்டங்கள் மலிவும் பலமும். ஒரு பக்கம் மட்டும் தொங்கும் 'ஜே' வடிவம் வேண்டாம். ஏணி போடுவதற்கு அது இலகுதான். ஆனால் பாரம் ஒரு காலில் விழுந்து, தகட்டை நெம்பி, ஒரு பக்கத்துப் போல்ட்டைப் பிடுங்கப் பார்க்கும். இரண்டு காலும் ஸ்லாப்பில் நிற்கும் யூவில் இழுவை நேர் கீழ்நோக்கி மட்டும்தான்.

பதினாறு அங்குல அகலமான பத்தடி அலுமினிய ஏணியும் ஒன்பதடி ஸ்லாப்பும் என்று வைத்துக்கொள்வோம். உள் அகலம் 18 அங்குலம், அதாவது ஏணியின் மிக அகன்ற இடத்தோடு இரண்டு அங்குலம் கூட. குறுக்குக் கம்பி ஆறே முக்கால் அடியில் நிற்கக் கால் ஒவ்வொன்றும் 27 அங்குலம். இரண்டுக்கும் ஓர் அங்குலச் சதுர ஜி.ஐ. பொக்ஸ் பார் (துத்தநாகம் பூசிய, உள்ளே பொள்ளலான இரும்பு), சுவர்த் தடிப்பு 1.6 மி.மீ.க்குக் குறையாமல்; அதைவிட மெல்லியதை வெல்ட் பண்ணும்போது எரிந்து ஓட்டை விழும். காலின் தலையில் 6 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 5 மி.மீ. தடிப்புள்ள தகடு. கால் தகட்டின் நடுவில் நிற்க, இரு பக்கமும் ஒவ்வொரு துளை. ஒன்று 10 மி.மீ. வட்டத் துளையாகவும் மற்றது 25 மி.மீ. நீளத் துளையாகவும் இருக்கட்டும். ஏன் என்று கீழே வரும். கால் ஒன்றரை அடிக்கு மேல் போனால் ஏணியை இழுக்கும்போது சட்டம் முன்னும் பின்னும் ஆடும். ஏணி ஓடும் திசையில், ஒவ்வொரு காலிலிருந்தும் ஸ்லாப்புக்குச் சாய்வாக ஒரு முட்டு கொடுக்கச் சொல்லுங்கள்.

வெல்ட் பண்ணிய இடத்தில் ஜி.ஐ. பூச்சு எரிந்துவிடும், கறள் அங்கேதான் தொடங்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, சிங்க் பிரைமர் இரண்டு கை அடித்து, பிறகு பெயின்ட்.

குறுக்குக் கம்பிக்கு 40 மி.மீ. பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து மாட்டிவிடுங்கள். ஓர் அங்குலப் பொக்ஸ் பாரின் மூலைவிட்டம் 36 மி.மீ. என்பதால் கவ்விக்கொண்டு இருக்கும். ஏணி அதில் வழுக்கி ஓடும். அலுமினியம் இரும்பில் நேரே படவும் படாது. உப்புக் காற்றில் இரண்டு உலோகமும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு வரும். சிலர் சைக்கிள் டியூப் சுற்றுவார்கள். அரிப்புக்கு நல்லதுதான், ஆனால் ஏணி இறப்பரில் ஒட்டிக்கொண்டு ஓடாது.

போல்ட்டுக்கு எம் 8 (8 மி.மீ.) அங்கர் போல்ட், 75 அல்லது 80 மி.மீ. நீளம், மொத்தம் எட்டு. முட்டுகளுக்குத் தனியாக. பிளாஸ்டிக் ரோல் பிளக்கைக் கூரையில் நம்பாதீர்கள். அது உராய்வில் மட்டும் நிற்கிறது. கீழ்நோக்கிய இழுவை, கராஜ் வெக்கை, ஏணி ஓடும் அதிர்வு எல்லாம் சேர்ந்து நாளடைவில் கழன்று வரும். கடலுக்குக் கிட்டிய வீடு என்றால் மஞ்சள் பூச்சுப் போல்ட்டும் வேண்டாம். 316 ரக ஸ்டெயின்லெஸ் கேளுங்கள், விலை கூடத்தான். கொழும்பு 12இல் பழைய சோனகத் தெருப் பக்கம் ஹாட்வெயார் கடைகளில் போல்ட்டை உதிரியாக எண்ணி வாங்கலாம். முழுப் பெட்டி எடுக்கத் தேவையில்லை.

எங்கே துளைப்பது?

இரு நுனியிலிருந்தும் ஏணியின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே. பத்தடி ஏணிக்கு நுனியிலிருந்து இரண்டடி, நடுவில் ஆறடி. இந்தக் கணக்கில் நடுவும் அதிகம் தொய்யாது, நுனியும் தொய்யாது. மர ஏணி பதினான்கு அடிக்கு மேல் என்றால் நடுவிலும் ஒரு சட்டம் போடுங்கள். இல்லாவிட்டால் நாளடைவில் வில்லாக வளைந்துவிடும். நூல் பிடித்து இரண்டு சட்டத்தையும் ஒரே கோட்டில் குறியுங்கள். ஸ்லாப் ஓரத்திலிருந்து குறைந்தது நான்கு அங்குலம் விலகியிருக்க வேண்டும்.

லைட் பொயின்டிலிருந்து சுவிட்ச் சுவருக்குப் போகும் வயர்க் குழாய் ஸ்லாப்புக்குள் மூலைவாட்டாக, குறுக்கு வழியில் கிடக்கும். அந்தக் கோட்டைத் தவிர்த்துவிடுங்கள். துளைக்கும்போது லைட் பிரேக்கரை மட்டும் ஓஃப் பண்ணிவிட்டு, பிளக் பொயின்ட் மின்சாரத்தில் ட்ரில்லை ஓட்டலாம்.

மேலே பார்த்துத் துளைத்தால் தூசி கண்ணுக்குத்தான் வரும். பாதுகாப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். கழுவிய யோகட் கப் ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, வாய் மேலே பார்க்கும்படி பிட்டில் செருகிவிட்டால் தூசியில் பெரும்பகுதி கப்புக்குள்ளேயே விழும். பிட் எத்தனை மி.மீ. என்பது போல்ட் பெட்டியில் இருக்கும், அதையே பாவியுங்கள். 'கொஞ்சம் பெரிதானாலும் பரவாயில்லை' என்பது இங்கே செல்லாது. ஆழத்தைப் பிட்டில் டேப் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்லாப்பின் கீழ்க் கம்பிவலை அடியிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் இருப்பதால், முட்டுவதற்கு வாய்ப்பு அதிகம். பிட் திடீரென்று நின்று கீச்சிட்டு, தூசி வராமல் போனால் அது கம்பி. அழுத்தி வெட்டப் பார்க்காதீர்கள். இரண்டு அங்குலம் தள்ளிப் புதுத் துளை போட்டு, பழையதைச் சீமெந்துக் கலவையால் அடையுங்கள். சிறிய தள்ளல்களுக்குத்தான் தகட்டில் அந்த நீளத் துளை, பெரியதற்குச் சட்டத்தையே நகர்த்துங்கள்.

துளைக்குள் மிஞ்சும் தூசியைக் கைப்பம்பால் ஊதி எடுக்க வேண்டும். தூசி இருந்தால் போல்ட்டின் ஆப்பு கொங்கிரீட்டைக் கவ்வாமல் தூசியைக் கவ்வும். போல்ட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றி, ஸ்பானரால் இறுக்குங்கள். நட் சில சுற்றில் கனக்க வேண்டும். இறுகாமல் போல்ட்டும் சேர்ந்து சுழன்றால் துளை பெரிதாகிவிட்டது. காகிதம், ஈர்க்கு வைத்து இறுக்குவது ஏமாற்று வேலை. நான்கு அங்குலம் தள்ளிப் புதிதாகத் துளையுங்கள்.

ஒவ்வொரு காலிலும் முதலில் ஒரு போல்ட்டை மட்டும் தளர்வாகப் போட்டு, மட்டம் பார்த்து, பிறகு மற்றவை. கேற் பக்கச் சட்டத்தின் குறுக்குக் கம்பி பின்பக்கத்தை விட அரை அங்குலம் உயர்ந்திருக்கட்டும், வழுக்கும் பி.வி.சி.யில் ஏணி தானாகக் கேற் பக்கம் நகராது.

சும்மா தொங்கும் பாரம் மட்டும் அல்ல கணக்கு

பன்னிரண்டு கிலோ ஏணி எட்டுப் போல்ட்டில் தொங்கினால் ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோதான். ஆனால் ஏணியைப் பாதி இழுத்த நிலையில் முழு நிறையும் ஒரே சட்டத்தில் விழும். அதோடு இழுப்பவர் தடுமாறித் தொங்குவார், பிள்ளைகள் தொங்கிப் பார்ப்பார்கள். அதனால் சட்டம் ஒவ்வொன்றையும் தனியாகச் சோதியுங்கள். காரை வெளியே எடுத்துவிட்டு, குறுக்குக் கம்பியில் இரண்டு வெறும் 20 லீட்டர் கானைக் கட்டி, ஹோஸால் தண்ணீர் நிரப்புங்கள். 40 கிலோ. தகட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறி ஓர் இரவு விடுங்கள். காலையில் தகட்டுக்கும் ஸ்லாப்புக்கும் இடையில் ஒரு தாள் நுழைந்தாலும் அந்தப் போல்ட் சரியில்லை.

தகரக் கூரை, அஸ்பெஸ்டஸ் கூரை

சீற்றில் எதையும் மாட்ட முடியாது. அஸ்பெஸ்டஸைத் துளைக்கவும் வெட்டவும் கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. சீற்றைத் தாங்கும் மரத்திலோ இரும்பிலோதான் மாட்ட வேண்டும். நான்குக்கு இரண்டு மரச் சட்டம் என்றால் கீழிருந்து ஸ்குரூ ஏற்றாமல், மரத்தின் பக்கவாட்டில் நடு உயரத்தில் ஊடுருவத் துளைத்து, இரு பக்கமும் அகல வாஷர் வைத்த முழுப் போல்ட் போடுங்கள். கீழிருந்து ஏறிய ஸ்குரூ இழுவையில் மெல்ல மெல்லக் கழலும். குறுக்கே போன போல்ட் மரம் பிளந்தால்தான் விழும். முதலில் ஸ்குரூ ட்ரைவரால் குத்திப் பாருங்கள், கறையான் தின்ற மரம் உள்வாங்கும். சீற்றைத் தாங்கும் இரும்புக் குறுக்குச் சட்டமான பேர்லினைத் துளைக்காமல் யூ கிளாம்பால் கவ்வுங்கள், அதுவும் சுவருக்கோ தாங்குமரத்துக்கோ கிட்டவாக.

கயிறும் கப்பியும் போட்டு ஏற்றும் முறை, ஸ்லாப் பன்னிரண்டு அடி உயரமான பழைய வீடுகளுக்கு மட்டும் பொருந்தும். கயிறு பூட்டிய நிலையிலும் ஏணியின் இரு நுனிக்கும் தனிச் சங்கிலி போடாமல் அதன் கீழே காரை விடாதீர்கள்.

அடுக்குமாடி வாகனத் தரிப்பிடத்தில் கூரை உங்களுடையதல்ல. தீயணைப்புத் தண்ணீர்க் குழாயும் அங்கேதான் ஓடும். அதில் கட்டுவதைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம்.

கேற் மட்டும் உள்ள திறந்த போர்ச்சில் ஏணி என்பது மேல்மாடி பல்கனிக்குப் போகக் கள்ளனுக்கு வைத்த படி. ஏணிப் படியையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு சங்கிலியும் பூட்டும் போட்டு, சாவியை வீட்டுக்குள் வையுங்கள்.

மாட்டி ஒரு மாதம் கழித்து நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், பிறகு வருடம் ஒருமுறை போதும். நெடுநாள் எடுக்காத ஏணியை இழுக்குமுன் கீழே நின்று ஒரு தடியால் தட்டுங்கள். அலுமினியப் படிகளின் பொள்ளலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும்.