பிரவுசர் மேல் கோபம் வந்தால் செய்யக் கூடாதவை

"அண்ணை, பயர்பொக்ஸை அழிச்சுப்போட்டு எதைப் போடலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள் இன்னும் குறையவில்லை. அந்தப் பிரவுசர் தங்கள் தரவை விற்கப்போகிறது என்று கேள்விப்பட்ட கோபம்தான். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் கணினி திருத்துவது என் தொழில். பின்னேரங்களில் கொஞ்சப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவும் செய்கிறேன். நான் தொடக்க காலத்தில் விட்ட பிழைகளையே இவர்களும் வரிசை தப்பாமல் விடுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துத்தான் இதை எழுதுகிறேன். 'பாஸ்வேர்டை ஒருவருக்கும் சொல்லாதே', 'தெரியாத லிங்கை அமத்தாதே' எல்லாம் இதில் இல்லை. அவை வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ்ஸிலேயே வருகின்றன.

ஸ்கிரீன்ஷொட்டைப் பார்த்துவிட்டு விதியை வாசித்ததாக நினைப்பது

2025 பெப்ரவரி 26 அன்று பயர்பொக்ஸைத் தயாரிக்கும் மொஸில்லா நிறுவனம் முதன்முறையாகப் பயர்பொக்ஸுக்கென்று பயன்பாட்டு விதிகளை வெளியிட்டது. அதில் ஒரு வசனம்தான் எல்லோரையும் கிளப்பிவிட்டது. பயர்பொக்ஸ் வழியாக நீங்கள் ஏற்றுகிற, தட்டெழுதுகிற தகவல்களைப் பயன்படுத்த, உலகம் முழுவதற்குமான, கட்டணம் இல்லாத ஓர் உரிமத்தை மொஸில்லாவுக்குக் கொடுக்கிறீர்கள் என்று அது சொன்னது. வசனத்தின் பின்பாதியில், நீங்கள் இணையத்தில் உலாவ உதவுவதற்காக என்று ஒரு வரம்பு இருந்தது. ஆனால் சுற்றிவந்த படங்களில் பின்பாதி பெரும்பாலும் வெட்டப்பட்டிருந்தது. அதே நாட்களில், 'எங்கள் தரவை விற்பீர்களா?' என்ற கேள்விக்கு அவர்கள் முன்பு கொடுத்திருந்த 'விற்றதுமில்லை, விற்கப்போவதுமில்லை' என்ற பதிலும் தளத்திலிருந்து எடுக்கப்பட்டது.

இரண்டே நாளில், 28ஆம் திகதி, வசனத்தைத் திருத்தினார்கள். நீங்கள் கேட்டதைச் செய்து தருவதற்குத்தான் அந்த உரிமம், உங்கள் உள்ளடக்கத்துக்கு மொஸில்லா சொந்தக்காரர் ஆகாது என்று இப்போது இருக்கிறது. எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் முதல் வசனத்தின் படம் இன்னும் உலாவுகிறது. திருத்தத்தின் படத்தை ஒருவரும் அனுப்பி நான் காணவில்லை.

அதற்காக மொஸில்லாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வாக்கை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டபோது, கலிபோர்னியா போன்ற இடங்களின் சட்டத்தில் 'விற்பனை' என்பது மிக அகலமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். அங்கே காசு வாங்கினால் மட்டும் விற்பனை இல்லை. பெறுமதியான வேறு எதற்காவது ஈடாகத் தரவைக் கொடுத்தாலும் அது விற்பனைதான். சரி, அப்படியென்றால் பங்காளி நிறுவனங்களுக்கு ஏதோ ஒன்று கைமாறுகிறது என்றுதானே பொருள்? ஆளை அடையாளம் காட்டாத மாதிரி வடிகட்டித்தான் கொடுக்கிறோம் என்பது அவர்கள் பதில். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். 2024 ஜூலையில் 128ஆம் பதிப்போடு விளம்பர அளவீட்டு வசதி ஒன்றை ஒருவரிடமும் கேட்காமல் 'ஒன்' பண்ணி வைத்தவர்களும் இவர்கள்தான். அதற்காக வியன்னாவில் இயங்கும் நொய்ப் என்ற தனியுரிமை அமைப்பு அந்த ஆண்டு செப்டெம்பரில் ஒஸ்திரியத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் முறைப்பாடும் கொடுத்தது.

வாசிப்பதானால் இரண்டு பத்திரங்களையும் வாசியுங்கள். பயன்பாட்டு விதி என்பது நீங்கள் கொடுக்கும் அனுமதி. எந்தத் தரவு, எதற்கு, யாரிடம் போகிறது என்பது தனியுரிமை அறிவித்தலில் இருக்கிறது. சண்டை முழுவதும் முதலாவதைப் பற்றி. பதில் இருப்பதோ இரண்டாவதில்.

வாசித்த பிறகு செட்டிங்ஸைத் திறவுங்கள். 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தின் கீழ்ப்பகுதியில், மொஸில்லாவுக்குத் தொழில்நுட்பத் தரவு அனுப்பும் பெட்டியில் உள்ள சரியை எடுத்துவிடுங்கள். பழையதை 30 நாட்களுக்குள் அழித்துவிடுவோம் என்று அங்கேயே எழுதிக் காட்டும். முதற்பக்கத்தில் வரும் விளம்பரக் குறுக்குவழிகளையும், முகவரிப் பட்டையில் வரும் விளம்பரப் பரிந்துரைகளையும் நிறுத்துங்கள். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட எடுக்காது.

அப்டேட்டை நிறுத்தி வைப்பது

'புது விதி எனக்கு வேண்டாம், பழைய பதிப்பிலேயே இருக்கிறேன்' என்று ஒரு கூட்டம். விதி வந்து மூன்று கிழமை ஆகுமுன்னே, 2025 மார்ச் 14 அன்று, பயர்பொக்ஸுக்குள் இருந்த, நீட்சிகள் போன்றவை நம்பகமானவையா என்று சரிபார்க்க உதவும் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. 128க்கு முந்திய பதிப்புகளில் (நீடிப்புப் பதிப்பானால் 115.13க்கு முந்தியவற்றில்) நீட்சிகள், அதாவது பிரவுசரோடு சேர்த்துப் போடும் சிறு மென்பொருள்கள், கோளாறு கொடுக்கும் என்று மொஸில்லா முன்கூட்டியே எச்சரித்திருந்தது. விளம்பரத் தடுப்பானும் ஒரு நீட்சிதானே. தனியுரிமைக்காக அப்டேட்டை நிறுத்தினவர்கள், தனியுரிமைக்காகப் போட்ட நீட்சியையும் இழக்கிற நிலைக்கு வந்தார்கள். பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடப்பது தனிக் கதை.

எங்கள் பக்கத்தில் விண்டோஸ் 7 ஓடும் கணினிகள் இன்னும் நிறைய. அவற்றுக்குப் பொருந்தும் கடைசிப் பயர்பொக்ஸ் 115ஆம் நீடிப்புப் பதிப்பு, அதாவது கூடிய காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுக்கும் பதிப்பு. அந்த வரிசைக்குள்ளேயே வெளிவந்த சிறு அப்டேட்களைக் கட்டாயம் போட வேண்டும்.

பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரு பைலில் இறக்கி வைப்பது

இதைப் பற்றி எழுத வந்துதான் மற்றவற்றையும் எழுதினேன்.

பரமேஸ்வராச் சந்திப் பக்கம் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்குப் பிரிண்டர் திருத்தப் போயிருந்தேன். கம்பஸ் பெடியன் ஒருவன் அசைன்மென்ட் பிரிண்ட் எடுக்க வந்து பென் டிரைவை நீட்டினான். கடைக்காரர் சொருகித் திறந்து, அவசரத்தில் பக்கத்தில் இருந்த பைலை அமத்திவிட்டார். எக்செல் விரிந்தது. முதல் நிரலில் தளத்தின் முகவரி, அடுத்ததில் பெயர், அதற்கடுத்ததில் பாஸ்வேர்ட். ஜிமெயில், பேஸ்புக், வங்கி, கம்பஸ் கணக்கு என்று மேலிருந்து கீழ்வரை ஓடியது. வரிசையில் நின்ற நாலைந்து பேரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி, இதுவும் பிரிண்டோ?"

"ஐயோ, அதில்லை அண்ணை!"

வெளியே வந்தபோது அவனைப் பிடித்து விசாரித்தேன். பயர்பொக்ஸிலிருந்து வேறு பிரவுசருக்கு மாறினானாம். பழைய பாஸ்வேர்டுகளை 'எக்ஸ்போர்ட்' பண்ணி எடுத்து, அறைத்தோழனின் கணினியில் ஏற்றுவதற்குப் பென் டிரைவில் போட்டானாம். ஏன் மாறினாய் என்று கேட்டேன். "அவங்கள் எங்கடை டேட்டாவை விக்கப் போறாங்களாம்."

எனக்கு வந்த எரிச்சலை எழுத முடியாது. எக்ஸ்போர்ட் பொத்தானை அமத்தினதும் பிரவுசர் ஓர் எச்சரிக்கைப் பெட்டி காட்டும்: பாஸ்வேர்டுகள் யாரும் வாசிக்கக்கூடிய வெறும் எழுத்தாகச் சேமிக்கப்படும், பைலைத் திறக்க முடிந்தவர் எவரும் பார்க்கலாம் என்று. விதிகளில் உள்ள ஒரு வசனத்துக்காக நாட்டையே கூட்டுகிறவர்கள், இந்தப் பெட்டியை ஒரு கண்ணிமைப்பில் 'ஓம்' கொடுத்து மூடிவிடுகிறார்கள்.

அந்தப் பைல் எங்கெங்கே தங்கும் என்று பாருங்கள். டெஸ்க்டொப்பில் சேமித்தால், பைல்களை இணையத்தில் சேமிக்கும் மைக்ரோசொப்டின் வன்டிரைவ் (OneDrive) இயங்கும் கணினியில் அது இணையத்துக்கும் ஏறிவிடலாம். கணினியில் அழித்தாலும் அங்கேயுள்ள குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும். வட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பினால் போனின் டொக்கியுமென்ட்ஸ் மடிப்பில் ஒரு கொப்பி. மின்னஞ்சலில் அனுப்பினால் அனுப்பியவை பெட்டியில் ஒன்று, வந்தவை பெட்டியில் ஒன்று. பென் டிரைவில் அழித்ததை மீட்டெடுக்க இலவச மென்பொருளே போதும். கடைக் கணினியில் சொருகியபோது அங்கே குடியிருக்கும் வைரஸ் எதைக் கொப்பி பண்ணியது என்று கடைக்காரருக்கே தெரியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரின் பென் டிரைவ் அந்த ஓட்டைக்குள் போய் வருகிறது!

உடுப்பு விற்கும் ஓர் அக்காவின் பேஸ்புக் பக்கம் பறிபோனது. பக்கத்தைப் பிடித்தவர்கள் அவருடைய பெயரிலேயே வாடிக்கையாளர்களிடம் முற்பணம் வாங்கினார்கள். அவருடைய மடிக்கணினியைத் திறந்து பார்த்தபோது டவுன்லோட்ஸில் இதே மாதிரி ஒரு பைல், மாதக்கணக்காக. அதன் வழியாகத்தான் போனது என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. ஆனால் அந்தப் பைலில் பேஸ்புக் பாஸ்வேர்டும், அதை மாற்றித் தரும் மின்னஞ்சலின் பாஸ்வேர்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. அவர் இழந்த காசைவிட, வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகக் கோல் எடுத்து விளக்கம் சொன்னதுதான் அவரை உருக்கிவிட்டது.

மாறத்தான் வேண்டும் என்றால் முறை இருக்கிறது. ஒரே கணினியில் இரண்டு பிரவுசரையும் வைத்துக்கொண்டு, புதியதில் உள்ள 'இம்போர்ட்' வசதி நேரடியாக எடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிலவேளை பாஸ்வேர்டுகளுக்கு மட்டும் பைல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். அப்படியானால் இறக்குங்கள், உடனே ஏற்றுங்கள், கதிரையை விட்டு எழும்ப முன் ஷிப்ட் விசையோடு டிலீட் அமத்தி அழியுங்கள். இடையில் எக்செல்லில் திறந்து பார்க்க வேண்டாம். திறந்து சேமித்தால், பூச்சியத்தில் தொடங்கும் இலக்கப் பாஸ்வேர்டின் முன்பூச்சியங்களை அது விழுங்கிவிடும். பிறகு, 'பாஸ்வேர்ட் பிழை என்று சொல்லுது அண்ணை' என்று என்னிடம்தான் வருவீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸில் பயர்பொக்ஸை 'அன்இன்ஸ்டோல்' பண்ணினால் மென்பொருள் மட்டும்தான் போகும். நீங்கள் சேமித்தவை எல்லாம் இருக்கும் புரொபைல் மடிப்பு அப்படியே கிடக்கும். பாஸ்வேர்டும் அதன் திறப்பும் அதற்குள்ளேயே இரண்டு பைல்களாக இருக்கின்றன. சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பிரைமரி பாஸ்வேர்ட் போட்டிருக்காவிட்டால், அந்த இரண்டையும் கொப்பி பண்ணுகிற எவரும் எல்லாவற்றையும் வாசிக்கலாம். 'நான்தான் அழிச்சிட்டேனே' என்று அந்த மடிக்கணினியை விற்கக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். மென்பொருளை எடுக்க முன், சேமித்த பாஸ்வேர்டுகளை உள்ளே போய் அழியுங்கள். அதற்கு முன் புதிய பிரவுசரில் ஒரு கிழமையாவது வேலை செய்து, எல்லாம் வந்து சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

'பாதுகாப்பு' என்று பெயர் வைத்த நீட்சிகளை அள்ளிப் போடுவது

பிரவுசரை நம்பாதவர்கள் நீட்சியை எப்படி நம்புகிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. 'எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவை வாசிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கும் ஒரு நீட்சி, வங்கிப் பக்கத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறது.

அவாஸ்ட் நிறுவனத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கண்காணிப்பைத் தடுப்போம் என்று சொல்லி நீட்சியும் அன்டிவைரஸும் கொடுத்தவர்கள், அவற்றின் வழியாகவே சேர்த்த உலாவல் விவரங்களை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றார்கள். 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 16.5 மில்லியன் டொலர் கட்ட வைத்தது. நல்ல நீட்சியும் கைமாறினால் கெட்டுப் போகும். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற பிரபலமான குரோம் நீட்சி புதிய ஆளின் கைக்குப் போன பிறகு, 2021 பெப்ரவரியில் தீநிரல் இருக்கிறது என்று கூகிளே அதை முடக்கியது. பாவித்தவர்கள் பலருக்கு உரிமையாளர் மாறினதே தெரியாது.

ஒரு விளம்பரத் தடுப்பான், யூபிளொக் ஒரிஜின் மாதிரி ஒன்று, போதும். மற்றதை எடுத்துவிடுங்கள்.

கோபத்தில் குரோமுக்குப் போவது

குரோமைத் தரும் கூகிளுக்கு விளம்பரம்தான் தொழில். வேறென்ன சொல்ல?

பிரைவேட் விண்டோவை நம்புவது

அது உங்கள் வீட்டாரிடமிருந்து மறைக்கும். தளங்களிடமிருந்து மறைக்காது. குரோமின் பிரைவேட் விண்டோவான இன்கொக்னிட்டோ பற்றிய வழக்கில் கூகிள் சமரசத்துக்கு வந்து, சேர்த்து வைத்திருந்த பதிவுகளை அழிக்க 2024இல் ஒத்துக்கொண்டது.

பிரிந்து வந்த பதிப்புகளைக் கேள்வி கேட்காமல் எடுப்பது

மொஸில்லாவின் விதிகள் அவர்கள் கட்டிக் கொடுக்கும் பயர்பொக்ஸுக்குத்தான், மூலநிரலுக்கு இல்லை. அந்த நிரலிலிருந்து கட்டிய லிப்ரேவூல்ப், வாட்டர்பொக்ஸ் போன்றவை இருக்கின்றன. மோசமில்லை, நானே சிலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் முதலில் மொஸில்லாவில் வந்து, பிறகு ஒரு சிறிய குழு அதை எடுத்துக் கட்டி வெளியிட வேண்டும். அப்டேட் தானாக வருமா, நீங்களாகப் போட வேண்டுமா என்று முதல் நாளே பாருங்கள். அம்மா அப்பா பாவிக்கிற கணினியில் போட்டுவிட்டு வெளிநாடு போகிறவர்கள் இரண்டு தரம் யோசியுங்கள்.

இலங்கைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது உங்கள் பென் டிரைவைப் பார்த்துக்கொள்ளாது.

கணினியில் மாற்றிவிட்டு போனை மறப்பது

தரவு சேகரிப்பு செட்டிங் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி. போனிலும் போய் எடுங்கள்.