வளைவு மாற்றப் புள்ளி: பூச்சியம் வந்தால் மட்டும் போதாது

ஒரு வளைவரை மேல்நோக்கி வளைவதிலிருந்து கீழ்நோக்கி வளைவதாகவோ, மறுதலையாகவோ மாறும் இடம்தான் வளைவு மாற்றப் புள்ளி. அதைக் கண்டுபிடிக்க, இரண்டாம் வகைக்கெழுவைப் (வகைக்கெழுவின் வகைக்கெழுவை) பூச்சியத்துக்குச் சமப்படுத்தி, கிடைத்த எண்ணையே விடையாக எழுதிவிடுவதில்தான் பலருக்கு மதிப்பெண் போகிறது. அந்த எண் வெறும் வேட்பாளர்தான். அதன் இருபுறமும் இரண்டாம் வகைக்கெழுவின் குறி மாறுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

எக்ஸ்⁴ − 4எக்ஸ்³ என்ற சார்பை எடுங்கள். இரண்டாம் வகைக்கெழு 12எக்ஸ்² − 24எக்ஸ், அதாவது 12எக்ஸ்(எக்ஸ் − 2). வேட்பாளர்கள் 0, 2. இடையிலும் வெளியிலும் ஒவ்வோர் எண்ணைப் போடுங்கள்: −1இல் 36, 1இல் −12, 3இல் 36. இரண்டு இடத்திலும் குறி மாறுகிறது, இரண்டுமே தேறின.

இனி உயரம். 2ஐ மூலச் சார்பில்தான் போட வேண்டும்: 16 − 32 = −16. புள்ளிகள் (0, 0), (2, −16). அவசரத்தில் இரண்டாம் வகைக்கெழுவிலேயே போட்டால் எப்போதும் 0தான் வரும்!

வெறும் எக்ஸ்⁴இல் இரண்டாம் வகைக்கெழு 12எக்ஸ்². 0இல் பூச்சியம்தான், ஆனால் இருபுறமும் மிகை. ஆகவே புள்ளி இல்லை. காரணி இரட்டை அடுக்கில் நின்றால் குறி மாறாது, எண் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

எக்ஸின் கனமூலம் எதிர்மாறு. 0இல் இரண்டாம் வகைக்கெழுவே கிடையாது, ஆனால் சார்பு தொடர்ச்சியானது, குறியும் மாறுகிறது. அது வளைவு மாற்றப் புள்ளியே. 1/எக்ஸிலும் 0ஐத் தாண்டும்போது குறி மாறும். ஆனால் அங்கே வளைவரையில் புள்ளியே இல்லையே.