வங்கி ஆர்.எம். வேலை: பரீட்சை முதல் பிரைவேட் பேங்கிங் வரை

பிரைவேட் பேங்கிங் என்றதும் தனியார் வங்கி என்று நினைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். என் பெரியப்பா இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அது வேறு, இது வேறு. வசதியான குடும்பங்களின் டெபாசிட், முதலீடு, கடன், இன்சூரன்ஸ், வெளிநாட்டிலிருந்து வரும் பணம், வாரிசுகளுக்கு எழுதிவைப்பது என எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் பொறுப்பாக இருப்பதுதான் பிரைவேட் பேங்கிங். அரசு வங்கியான ஸ்டேட் பேங்கிலும் எஸ்.பி.ஐ. வெல்த் என்று இதற்கு ஒரு பிரிவு உண்டு. பொறுப்பில் இருக்கும் அந்த ஆள்தான் ரிலேஷன்ஷிப் மேனேஜர், சுருக்கமாக ஆர்.எம்.

எடுத்த எடுப்பில் அந்த நாற்காலி யாருக்கும் கிடைக்காது. கிளையில் சாதாரண ஆர்.எம். ஆகச் சேர்ந்து, சில வருடங்கள் கழித்து மேலே போவதுதான் வழக்கம். நானும் திருச்சியில் ஒரு கிளையில் அப்படித்தான் தொடங்கினேன்.

படி 1: பரீட்சைகளை முடியுங்கள்

பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. என்று எந்தப் பட்டம் இருந்தாலும், மியூச்சுவல் ஃபண்ட் பற்றி வாடிக்கையாளரிடம் பேச செபி அமைத்த பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் சீரிஸ் 5-ஏ தேர்வில் பாஸாகியிருக்க வேண்டும். 100 கேள்வி, 2 மணி நேரம், 50 மார்க் எடுத்தால் போதும். தப்பான விடைக்கு மைனஸ் கிடையாது. சான்றிதழ் 3 வருடம் செல்லும். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் எழுதிவிடலாம். வேலைக்கு மனுப் போடும் முன்பே இதை முடித்து வைத்திருந்தால் இன்டர்வியூவில் நன்றாக எடுபடும்.

வேலையில் சேர்ந்தபின் உங்கள் பெயரில் ஈ.யூ.ஐ.என். என்று ஒரு எண் வரும். நீங்கள் விற்கும் ஒவ்வொரு ஃபண்ட் விண்ணப்பத்திலும் அந்த எண் இருக்கும். யார் சொல்லி வாங்கினார் என்பது பின்னால் தெரிந்துவிடும்.

இன்சூரன்ஸ் விற்க 50 மணி நேரப் பயிற்சியும் தனித் தேர்வும் உண்டு. அதைப் பெரும்பாலும் வங்கியே ஏற்பாடு செய்யும். சி.எஃப்.பி. என்ற நிதித் திட்டமிடல் படிப்பை இரண்டு வருட அனுபவத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அப்போதுதான் பாடத்தில் வருவது கண்ணில் பார்த்த குடும்பங்களோடு பொருந்தும்.

படி 2: கேட்டதும் வாயில் வர வேண்டியவை

பையன் துபாயில், பெண் சிங்கப்பூரில் என்று இருக்கும் வீடுகள் நம் ஊரில் அதிகம். அதனால் என்.ஆர்.இ. கணக்குக்கும் என்.ஆர்.ஓ. கணக்குக்கும் உள்ள வித்தியாசம் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்புவது என்.ஆர்.இ.யில், அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. இங்கே வரும் வாடகை, பென்ஷன் போன்றவை என்.ஆர்.ஓ.வில், அதன் வட்டிக்கு வரி பிடிப்பார்கள். “பேங்க் திவாலானா என் பணம் என்ன ஆகும் தம்பி?” என்று கேட்பார்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு என்பதை மழுப்பாமல் சொல்லுங்கள்.

படி 3: குடும்பத்துக்கு ஒரு பக்கம்

புதிதாகச் சேர்ந்தவருக்கு நூறு, இருநூறு வாடிக்கையாளர்களை ‘மேப்’ செய்து கொடுப்பார்கள். அதற்குப் பெயர் புக். கம்ப்யூட்டரில் பேலன்ஸ் தெரியும், மனிதர் தெரியமாட்டார். நான் ஒரு நீளமான நோட்டு வாங்கி வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். கையெழுத்துப் போடுவது யார், முடிவு எடுப்பது யார், எந்த எஃப்.டி. எப்போது முதிர்கிறது, நாமினி யார், எப்போது போன் செய்யக் கூடாது. கணக்கு எண், பாஸ்வேர்டு மாதிரி விஷயங்களை மட்டும் எழுதவே கூடாது. தில்லைநகரில் ஒரு டாக்டர் பக்கத்தில் “ராகு காலத்தில் செக் கேட்காதே” என்று எழுதி வைத்திருந்தேன். சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அது பல தடவை உதவியிருக்கிறது.

படி 4: முதல் சந்திப்பு

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் 20 லட்சம் எஃப்.டி. முதிர்ந்தது. பையில் மூன்று பிரவுச்சர் வைத்திருந்தேன், ஒன்றையும் வெளியே எடுக்கவில்லை.

“டீச்சர், இந்தப் பணத்தை எதுக்குன்னு வச்சிருக்கீங்க?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்த இடத்தில் புதியவர்கள் அவசரப்பட்டு வாயைத் திறந்துவிடுவார்கள். திறக்காதீர்கள்.

“பேத்தி அடுத்த வருஷம் காலேஜ் சேர்றா தம்பி. அஞ்சு லட்சம் குடுக்கறேன்னு சொல்லிட்டேன். மிச்சம் என் செலவுக்கு. பையன்கிட்ட கையேந்தக் கூடாது.”

வேலை முடிந்தது. 5 லட்சம் ஒரு வருட எஃப்.டி.யில். மீதி 15 லட்சம் அரசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். இப்போதைய 8.2 சதவீத வட்டியில் போட்டுப் பாருங்கள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய். அந்த 15 லட்சத்தால் என் டார்கெட்டில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. சில மாதம் கழித்து, நிலம் விற்ற தன் தம்பியை அவரே கூட்டிவந்தார். எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். நன்றி சொல்லாமல் பக்கத்து வங்கிக்குப் போனவர்களும் என் நோட்டில் இருக்கிறார்கள்.

படி 5: மார்ச் மாதம்

இதை யாரும் பயிற்சியில் சொல்லித்தர மாட்டார்கள். வருடக் கணக்கு முடியும் மார்ச் வந்தால் காலை மீட்டிங்கிலிருந்து ராத்திரி வரை ஒரே கேள்விதான்: “எத்தனை லாகின்?” லாகின் என்றால் பதிவான இன்சூரன்ஸ் பாலிசி.

என் முதல் மார்ச்சில் ஒரு பெரியவருக்கு வருடம் 3 லட்சம் கட்டும் பாலிசி ஒன்றை விற்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் ‘வருடா வருடம்’ என்பதை வேகமாகச் சொல்லிவிட்டுப் போனேன். பன்னிரண்டாம் நாள் பாலிசிப் பத்திரத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். “ஒரு தடவை கட்டினா போதும்னு நினைச்சேன். மருமகன் படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றார்.” அப்போது பாலிசியைத் திருப்பிக் கொடுக்க 15 நாள் அவகாசம், இப்போது 30 நாள். ரத்து செய்து, சின்னப் பிடித்தம் போகப் பணத்தை வாங்கிக் கொடுத்தேன். கணக்கை அவர் மூடவில்லை, ஆனால் அதற்கப்புறம் என் மூலமாக ஒரு ரூபாய்கூடப் போடவில்லை.

அன்றிலிருந்து எத்தனை வருடம் கட்ட வேண்டும், நடுவில் நிறுத்தினால் எவ்வளவு போகும் என்ற இரண்டையும் வாடிக்கையாளரையே அவர் கையால் எழுதச் சொல்வேன். லாகின் குறையும், திட்டும் விழும். பரவாயில்லை.

படி 6: பிரைவேட் பேங்கிங்குக்கு மாறுவது

நான்கைந்து வருடம் கழித்து இந்தக் கதவு திறக்கலாம். அங்கே பேச்சே வேறு. குறைந்தது 50 லட்சம் போட வேண்டிய பி.எம்.எஸ். (ஒருவரின் முதலீட்டை நிபுணர் தனியாக நிர்வகிப்பது), ஒரு கோடி கேட்கும் ஏ.ஐ.எஃப். (வசதியானவர்களுக்கான மாற்று முதலீட்டு ஃபண்ட்), வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதிக்கும் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டம். இவற்றைவிட அதிகம் பேச வேண்டியிருப்பது உயிலைப் பற்றித்தான். நாமினி போட்டாயிற்று, எல்லாம் முடிந்தது என்று கோடீஸ்வரர்களும் நினைக்கிறார்கள். டெபாசிட், ஃபண்ட் போன்றவற்றில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான்; உரிமை யாருக்கு என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் சொல்லும். இதை அண்ணன் தம்பி இருவரும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் சொல்லாதீர்கள், பெரியவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இன்டர்வியூவில் கட்டாயம் வரும் கேள்வி: “உங்க புக்கில் எவ்வளவு எங்களுக்கு வரும்?” பழைய வங்கியின் வாடிக்கையாளர் பட்டியலை பென்டிரைவில் எடுத்துப்போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு, அது வேண்டாம். நான் சொன்ன பதில் இதுதான்: “லிஸ்ட் எதுவும் கொண்டுவர மாட்டேன் சார். என்னைத் தேடி நாலைந்து குடும்பம் போன் பண்ணும்.” வேலை கிடைத்தது. போன் செய்தது மூன்று குடும்பம்.