யாழ்ப்பாணத்திலிருந்து மலையேறி மட்டக்களப்பு வரை: சைக்கிள் குழுவைக் கூட்டிப்போவது எப்படி

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. வீடு கொக்குவிலில். பள்ளிக்கூடம், ரியூசன், கோயில், சந்தை என்று சின்ன வயதிலிருந்தே சைக்கிள் உழக்கிய கால்கள் என்னுடையவை. ஆனாலும் ஐம்பது வயதுவரை ஒரு மேட்டில்கூட உழக்கியதில்லை. யாழ்ப்பாணத்தில் மேடு எங்கே இருக்கிறது? கீரிமலைக்குப் பெயரில்தான் மலை.

கனடாவிலிருந்து வந்த அக்காவின் பிள்ளைகள், "சித்தி, இலங்கையைச் சைக்கிளிலேயே சுற்றிக் காட்டுங்கோவன்" என்று கேட்டார்கள். அப்படித்தான் இது தொடங்கியது. இப்போது வருடத்துக்கு ஒரு குழு. எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. உப்புவெளி, குளக்கரை, தேயிலைமலை, கிழக்குக் கடற்கரை என்று பன்னிரண்டு நாளில் நாட்டின் பாதி முகங்களைப் பார்த்துவிடலாம். நீங்களும் உங்கள் சொந்தக்காரரையோ நண்பர்களையோ கூட்டிப்போக நினைத்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டவை கீழே.

பாதையைப் பிறகு பார்க்கலாம், முதலில் மாதம். பிள்ளைகளின் விடுமுறைக்கு ஏற்ற மாதிரி முதல் பயணத்தை ஆவணியில் வைத்துவிட்டேன். அது சோளகக் காற்றுக் காலம். தென்மேற்கிலிருந்து அடிக்கிறது, நாங்கள் தெற்கே போகிறோம். கேரதீவுப் பக்கம் இரண்டு புறமும் கடல்நீரேரி, நடுவில் றோட்டு, ஒதுங்க ஒரு பனைகூட இல்லை. சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர்தான், ஆனால் அதன் நடுவில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். 2011இல் பாலம் திறப்பதற்கு முன் அந்த இடத்தைப் 'பாதை'யில்தான் கடந்தோம். பாதை என்றால் எங்கள் ஊரில் மிதவைப் படகு. அன்றைக்குப் பாதையே தேவலை என்று தோன்றியது. பூநகரிச் சந்திக்கு வந்தபோது அக்காவின் பெரிய மகன் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்தியவன், மன்னார் வரை இறங்கவேயில்லை.

அதனால் என் கணக்கு இது: மாசி நடுவில் புறப்பட்டுப் பங்குனி தொடக்கத்தில் முடிப்பது. அப்போது வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து முதுகைத் தள்ளும். மாரி மழை ஓய்ந்திருக்கும், குளங்களில் தண்ணீர் இருக்கும், மலையிலும் மழை குறைவு. கடைசியில் பொத்துவிலிலிருந்து வடக்கே திரும்பும்போது அதே வாடை முகத்துக்கு வரும். அதற்குள் கால்கள் பழகியிருக்கும், பரவாயில்லை. சித்திரையில் வெயில் ஆளை உருக்கிவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடக்கிலும் கிழக்கிலும் மழை. அந்த மாதங்களை விட்டுவிடுங்கள்.

அடுத்தது சைக்கிள். ஊரில் எல்லோரிடமும் இருக்கும் கியர் இல்லாத லுமாலாவில் தம்புள்ளை வரை தாராளமாகப் போகலாம். அதற்கு அப்பால் கியர் வேண்டும். "இருபத்தொரு கியர் இருக்கு" என்று கடைக்காரர் சொன்னால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். முன்னால் உள்ள மிகச் சின்னப் பற்சில்லில் எத்தனை பல், பின்னால் உள்ள மிகப் பெரிய பற்சில்லில் எத்தனை பல் என்று விரலால் தொட்டு எண்ணுங்கள். பின்னது முன்னதுக்குச் சமமாகவோ கூடவோ இருந்தால் நுவரெலியா ஏறலாம். குறைவாக இருந்தால் தள்ளத்தான் வேண்டும். மெல்லிய பந்தய ரயர் வேண்டாம், நாற்பது மில்லிமீற்றர் அகலம் இருந்தால் நல்லது. ஒவ்வொரு சில்லுக்கும் உதிரி ரியூப் ஒன்று, ஒட்டுப் போடும் சாமான், பம்ப், செயின் எண்ணெய், பிறேக் கட்டைகள் இரண்டு சோடி. உப்புவெளியைத் தாண்டிய அன்றிரவு செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஒருமுறை அலுப்பில் படுத்துவிட்டேன், விடிய எழுந்து பார்த்தால் செயின் செங்கல் நிறம்.

பின்னால் ஒரு வான் வரவேண்டும். இதை வீம்புக்காகத் தவிர்க்காதீர்கள். முன்னால் பாதை தெரிந்த ஒருவர், கடைசியில் பொறுமையான ஒருவர், அவருக்குப் பின்னால் வான். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரையும் விட்டுவிடக்கூடாது. எங்கள் வான் சாரதி ஒரு அண்ணை. ரத்தம் கண்டால் மயங்குவார், ஆனால் எந்த ஊரில் எந்தக் கடையில் மலசலகூடம் துப்புரவாக இருக்கும் என்று மனப்பாடமாகத் தெரியும். குழுவில் பெண்கள் இருந்தால் இந்த அறிவுக்கு விலை கிடையாது. அப்புறம், வானில் ஒரு பழைய பருத்திச் சேலை வையுங்கள். இரண்டு வான் கதவுக்கு நடுவே கட்டினால் உடுப்பு மாற்ற மறைப்பு, மரத்துக்கு மரம் கட்டினால் நிழல், நனைத்துக் கழுத்தில் சுற்றினால் குளிர்ச்சி.

சாப்பாட்டில் நம்மிடம் இருப்பது வேறு எங்கும் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிவந்த சக்திக் கட்டிகள் முதல் நாள் வெயிலிலேயே இளகிப் பையோடு ஒட்டிவிட்டன. புழுக்கொடியலுக்கு, அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்குக்கு, ஒன்றும் ஆகாது. துண்டாக முறித்து ஒரு பையில், பனங்கட்டி இன்னொரு பையில். முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு துண்டு ஒடியல், ஒரு கடி பனங்கட்டி. ஒடியலை அவசரமாகக் கடித்தால் பல் போகும், வாயில் ஊறவைத்து மெல்ல வேண்டும், ஆகவே தானாகவே வேகமும் குறையும். காலையில் இடியப்பமும் சொதியும் வயிற்றுக்கு இலேசு. புட்டு சாப்பிட்டுவிட்டு உழக்கினால் பதினைந்து கிலோமீற்றருக்கு ஏப்பம்தான் வரும். தண்ணீர் மணிக்கு முக்கால் லீற்றராவது வேண்டும். சட்டையில் உப்புப் படை வெள்ளையாகத் தெரிந்தால் வெறும் தண்ணீர் போதாது. ஜீவனி என்ற உப்பு-சீனித் தூளைக் கரைத்துக் குடியுங்கள், அல்லது உப்புப் போட்ட மோர். அநுராதபுரத்துக்கு அப்பால் செவ்விளநீர் கிடைக்கும் இடமெல்லாம் நிறுத்தலாம்.

சரி, பாதை.

முதல் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னார். நூறு கிலோமீற்றருக்கு மேல் வரும், ஆனால் உள்ளங்கை மாதிரித் தட்டை. காலை ஐந்துக்குப் புறப்படுங்கள். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். பாலத்தில் விடியும். பதினொரு மணிக்குள் இலுப்பைக்கடவை வந்துவிட வேண்டும். அங்கே களைத்தவர்களை வானில் ஏற்றிவிட்டு, தெம்புள்ளவர்கள் மட்டும் மாலை வெயில் தாழ்ந்தபின் மிச்சத்தை உழக்கலாம். மன்னாரில் ஒரு நாள் தங்குங்கள். பள்ளிமுனையில் நிற்கும் பருத்த பெருக்கமரத்தை (பாவோபாப்) கைகோத்துச் சுற்றிப் பார்க்க எட்டுப் பேர் போதவில்லை. தெருவில் நிற்கும் கழுதைகளுக்கு மணியடித்துப் பிரயோசனம் இல்லை, நீங்கள்தான் சுற்றிப் போகவேண்டும்.

மூன்றாம் நாள் மதவாச்சி வழியாக அநுராதபுரம், ஏறக்குறைய 110 கிலோமீற்றர். இங்கேதான் வெள்ளனப் புறப்படும் பழக்கத்தை மாற்றவேண்டும். மடுப்பக்கம் தொடங்கி யானை நடமாடும் காடு. விடியுமுன்னும் பொழுதுபட்ட பின்னும் சைக்கிள் கூடாது. ஆறரைக்குப் பிறகு கிளம்புங்கள், இரண்டு இரண்டு பேராகப் போங்கள், ஆறு மணிக்குப் பிறகு எவ்வளவு கிட்டவாக இருந்தாலும் வானில் ஏறுங்கள். றோட்டில் ஈரமான யானை லத்தி கிடந்தால் வான் வரும்வரை நில்லுங்கள். படம் எடுக்க நிற்பவரைத் திட்டவும் தயங்காதீர்கள், நான் திட்டியிருக்கிறேன்.

அநுராதபுரம் சைக்கிளுக்கென்றே செய்த ஊர். திசாவாவிக் குளக்கட்டில் மாலை ஐந்து மணிக்குப் போய்வாருங்கள், அது போதும். விகாரைகளுக்குத் தோளையும் முழங்காலையும் மறைக்கும் வெள்ளை உடுப்பு, தொப்பியும் செருப்பும் கழற்றவேண்டும், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக்கூடாது. சைக்கிள் உடுப்போடு போய் வாசலில் திரும்பியவர்கள் எங்கள் குழுவிலும் உண்டு. போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளை நாட்காட்டியில் பார்த்துத் தவிர்த்தால் நெரிசல் இல்லை. பிறகு தம்புள்ளை, ஒரு நாள். மாத்தளை, கண்டி, இன்னொரு நாள். இது ஏ9 தான், நம்முடைய கண்டி வீதி. கண்டியில் தொடங்கி 321 கிலோமீற்றரில் யாழ்ப்பாணத்தில் முடிகிற அதே றோட்டு. மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையில் பலகடுவ ஏற்றம் வரும். நம்மவர்கள் முதன்முதலாக மூச்சு வாங்குவது அங்கேதான். அதைப் பரீட்சையாக வையுங்கள். அதில் இறங்கித் தள்ளியவர்கள் நுவரெலியாவுக்குப் பாதித் தூரம் வானில் வரட்டும்.

வழி கேட்கச் சில சிங்களச் சொற்கள் போதும். வத்துர என்றால் தண்ணீர். கீயத என்றால் எவ்வளவு விலை. 'தவ கொச்சர துரத', இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்காதீர்கள். "லங்கயி", கிட்டத்தான் என்பார்கள். அன்பால் சொல்வதுதான். அந்தக் கிட்ட எனக்கு ஒருமுறை பதினொரு கிலோமீற்றராக முடிந்தது, முழுக்க ஏற்றம்.

கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1868. இடையில் 77 கிலோமீற்றர். கம்பளை வரை இலகு. அதைத் தாண்டிப் புசல்லாவைக்குப் போகும்போதே ஏறத் தொடங்கும். றம்பொடையில் கொண்டைஊசி வளைவுகள். ஏறும் விதம் ஒன்றுதான்: பேச முடிகிற வேகத்தில் உழக்குவது. பேச்சு நின்றால் கியரைக் குறையுங்கள், குறைக்கக் கியர் இல்லாவிட்டால் இறங்குங்கள். எழுந்து நின்று உழக்கும் பழக்கம் நமக்கு ஊரில் உண்டு, மலையில் அது ஐந்து நிமிடத்தில் ஆளைத் தீர்த்துவிடும். பஸ் சத்தம் பின்னால் கேட்டால் தார் றோட்டை விட்டு ஒதுங்குங்கள். ஹோர்ன் அடித்தால் அது கேள்வி அல்ல, அறிவிப்பு. ஒரு வளைவில் கொழுந்துக் கூடையோடு நின்ற அக்கா ஒருத்தி, எங்கேயிருந்து வர்றீங்க என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். சைக்கிளையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஏங்க, அங்க பஸ் ஓடலியா?" என்றார். அவர் குடியிருக்கும் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) குடித்த பிளேன்டீ மாதிரி இன்னும் குடிக்கவில்லை.

நுவரெலியாவிலிருந்து சீதா எலிய, வெலிமடை, பண்டாரவளை வழியாக எல்ல. முதல் பாதி இறக்கம், பிறகு ஏறி இறங்கும் பாதை. இரவில் குளிரும், ஒரு கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்திச் சொல்லும் இடம். எல்லவிலிருந்து வெல்லவாய வரை 27 கிலோமீற்றரில் 800 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. ஏற்றத்துக்குப் பயப்பட்டவர்கள் எல்லோரும் இங்கே சிரித்துக்கொண்டு கிளம்புவார்கள், ஆபத்து இங்கேதான். இரண்டாவது பயணத்தில் என் சைக்கிளிலேயே நடந்தது. தட்டையான ஊரில் பழகிய கை, பிறேக்கை விடாமல் அழுத்திப் பிடித்தபடியே இறங்கினேன். ஏழாவது கிலோமீற்றரில் ரப்பர் கருகும் மணம். நிறுத்திவிட்டுச் சில்லின் விளிம்பைத் தொட்டேன், விரல் நுனியில் கொப்புளம். நான் தொட்ட அடுத்த நிமிடம் ரியூப் வெடித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது வெடித்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சூடான விளிம்பு காற்றை விரியவைத்து ரியூப்பைக் கிழித்துவிடுகிறது.

ஆகவே: புறப்படுமுன் பிறேக் கட்டைகளைப் பாருங்கள், கோடு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். இறங்கும்போது வளைவுக்கு முன் இரண்டு பிறேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். பிடி, விடு, பிடி, விடு. நீண்ட நேரம் மெல்லப் பிடிப்பதைவிடக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடிப்பது நல்லது. உடம்பைப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். ஆளுக்கு ஆள் முப்பது மீற்றர் இடைவெளி. இராவணன் நீர்வீழ்ச்சியில் கட்டாயம் நிறுத்தி இருபது நிமிடம் சில்லை ஆறவிடுங்கள். குரங்குகள் பனங்கட்டிப் பையை எடுத்துவிடும், அது மட்டும் கவனம்.

வெல்லவாயவிலிருந்து மொனராகலைக்கு வானில் போய்விடுவோம், உழக்கிப் பார்க்க அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த நாள் பொத்துவில், லாகுகலையில் மீண்டும் யானை, மீண்டும் அதே விதி. கடைசி நாள் திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பு. நூறு சொச்சம் கிலோமீற்றர், ஒரு மேடு இல்லை, வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். கல்முனையில் மதியம் நெரிசல், கடைத்தெருவைத் தாண்டும்வரை ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பொழுதுபடக் கல்லடிப் பாலத்துக்கு வந்து சேர்ந்தால் சரியான கணக்கு.

யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிள்களை வானில் அடுக்கும்போது பெடல்களைக் கழற்றினால் இடம் பாதி மிச்சம். வலது பெடல் வழக்கம்போல இடப்பக்கமாகத் திருப்பக் கழலும். இடது பெடல் புரி தலைகீழ், வலப்பக்கமாகத் திருப்பவேண்டும். அண்ணை இது தெரியாமல் முழுப் பலத்தோடு இறுக்கி, ஒரு பெடல் இன்றைக்கும் என் சைக்கிளோடு ஒட்டியே இருக்கிறது.