லைட்ரூமில் மூலப்படமும் திருத்திய படமும் பிரியாதிருக்க

'ஒரிஜினல்' என்றொரு கோப்புறை, 'எடிட்டட்' என்றொரு கோப்புறை என இரண்டாகப் பிரித்துப் படங்களைச் சேமிப்பது பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும். நானும் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் வைத்திருந்தேன். வேடந்தாங்கலில் எடுத்த நத்தைகொத்தி நாரையின் படம் ஒன்றைப் பெரிய அளவில் அச்சிட வேண்டியிருந்தது. திருத்திய கோப்பில் நிழல்களை அளவுக்கு மீறி வெளுக்க விட்டிருந்ததால், மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்கலாம் என்று 4127 என்ற எண்ணைத் தேடித் திறந்தேன். உள்ளே இருந்தது ஒரு திருமணப் பந்தி. பல கேமராக்களில் எண்வரிசை 9999ஐ எட்டியதும் மீண்டும் 0001இலிருந்து தொடங்கிவிடும். அவ்வாறு வந்த புதிய 4127ஐ 'ஒரிஜினல்' கோப்புறைக்குள் இட்டபோது, ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதலாமா என்று கணினி கேட்டிருக்கும். நான் ஆம் என்று அழுத்தியிருப்பேன். மூடிய அலகின் நடுவே அந்த நாரைக்கே உரிய இடைவெளியும் அதன் வழியே தெரிந்த ஏரி நீரின் ஒளியும் பதிவான மூலக் கோப்பு அன்றே போய்விட்டது.

அதன் பிறகு நான் மாற்றிக்கொண்ட முறையை, படங்களை அடுக்கி வைக்கவும் திருத்தவும் உதவும் அடோபியின் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளை வைத்து இங்கே விளக்குகிறேன். முறைக்கு அடிப்படை ஒன்றுதான்: மூலப்படத்துக்கும் திருத்திய படத்துக்கும் உள்ள உறவு கோப்பின் பெயரிலேயே இருக்க வேண்டும். லைட்ரூமின் கேட்டலாக் என்பது படங்கள் குடியிருக்கும் வீடு அன்று; எந்தப் படம் எங்கே உள்ளது, அதற்கு என்னென்ன செய்யப்பட்டது என்று எழுதி வைத்திருக்கும் பதிவேடு. பதிவேடு பழுதுபட்டாலும், நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும், கோப்புறையைத் திறந்து பார்க்கும் எவருக்கும் எது எதிலிருந்து வந்தது என்பது பெயரைப் பார்த்தே புரிய வேண்டும்.

ஆகவே வேலை இறக்குமதியின்போதே தொடங்குகிறது. இறக்குமதித் திரையின் வலப்புறத்தில் உள்ள 'ஃபைல் ரீநேமிங்' பகுதியில், எடுத்த தேதியையும் கேமரா தந்த எண்ணையும் இணைக்கும் ஒரு வார்ப்பை ('டெம்ப்ளேட்') ஒருமுறை அமைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி 14 அன்று எடுத்த 4127ஆம் படம் 20240114_4127 என்று பெயர் பெறும். எண்வரிசை எத்தனை முறை சுற்றி வந்தாலும் தேதி வேறாக இருக்கும். ஒரே நாளில் இரண்டு கேமராக்களைப் பயன்படுத்துபவர்கள் கேமராவைக் குறிக்கும் ஓர் எழுத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது. பெயரைத் திருத்தம் தொடங்குவதற்கு முன்பே மாற்றுவதுதான் முக்கியம். ஏனென்றால் பின்னால் பிறக்கும் கோப்புகள் எல்லாம் இந்தப் பெயரைத்தான் வாங்கிக்கொள்ளும்.

ஆண்டு, அதற்குள் தேதியும் இடமும் என்ற வரிசையில் கோப்புறைகள் அமைந்தால் போதும். அவற்றுக்குள் திருத்திய படங்களுக்கென்று தனிக் கோப்புறை வேண்டாம். இதைப் பலர் ஏற்பதில்லை. கலந்து போய்விடுமே என்பார்கள். கலக்காது, பெயர் ஒன்றாக இருப்பதால் அடுத்தடுத்து நிற்கும். லைட்ரூமிலிருந்து 'எடிட் இன்' வழியாக ஃபோட்டோஷாப்புக்குப் படத்தை அனுப்பினால், திருத்திய கோப்பு மூலக் கோப்பு உள்ள கோப்புறையிலேயே, அதே பெயரின் பின்னால் '-எடிட்' என்ற ஒட்டுடன் சேமிக்கப்படும். இந்த இயல்பான ஏற்பாட்டை மாற்றாமல் விடுவதே சிறந்தது. ஃபோட்டோஷாப்பில் வேலை முடிந்ததும் 'சேவ்' மட்டும் கொடுங்கள். 'சேவ் அஸ்' கொடுத்து வேறு பெயரிலோ வேறு இடத்திலோ வைத்தால் அந்தக் கோப்பு கேட்டலாக்கின் கண்ணில் படாமல் போய்விடும்.

விருப்பத்தேர்வுகளில் 'எக்ஸ்டர்னல் எடிட்டிங்' பக்கத்தில் 'ஸ்டேக் வித் ஒரிஜினல்' என்ற கட்டத்தை இயக்கி வைத்தால், திருத்திய படமும் மூலமும் ஒரே அடுக்காகத் தாமே சேர்ந்துகொள்ளும். எஸ் விசையை அழுத்தினால் அடுக்கு விரியும், மறுபடி அழுத்தினால் மூடும். ஷிஃப்டுடன் அழுத்தினால் தேர்ந்தெடுத்த படம் மேலே வந்து நிற்கும். கோப்புறைக் காட்சியில் அடுக்கு அமைய இரண்டு படங்களும் ஒரே கோப்புறையில் இருந்தாக வேண்டும் என்பதால், 'எடிட்டட்' என்று தனியே பிரித்தவர்களுக்கு இந்த வசதி கிடைக்காமலே போகிறது.

அடுக்கை நம்புபவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். மூடிய அடுக்கைத் தேர்ந்தெடுத்துக் குறிச்சொல் இட்டால் அது மேலே உள்ள படத்துக்கு மட்டுமே போய்ச் சேரும். அடியில் உள்ள மூலப்படம் வெறுமையாகவே கிடக்கும். ஆறு மாதம் கழித்து 'நாரை' என்று தேடினால் திருத்திய படம் மட்டும் வரும். அடுக்கை விரித்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்த பிறகே குறிச்சொல் இடுங்கள். அதைவிட நல்ல பழக்கம், ஃபோட்டோஷாப்புக்கு அனுப்பும் முன்பே குறிச்சொற்களையும் தலைப்பையும் இட்டு முடித்துவிடுவது. அப்போதுள்ள தகவல்கள் புதிய கோப்புக்கும் உடன் செல்லும்.

ஃபோட்டோஷாப்பில் திருத்திச் சேமித்த டிஃப் வகைக் கோப்பை அங்கே மீண்டும் திறக்க அனுப்பும்போது லைட்ரூம் மூன்று வழிகளைக் காட்டும். முதலில் உள்ளது லைட்ரூமின் மாற்றங்களைச் சேர்த்து ஒரு நகல் எடுப்பது. அதில் ஃபோட்டோஷாப்பின் லேயர்கள் (ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த திருத்தங்கள்) எல்லாம் ஒன்றாகத் தட்டையாகிவிடும். லேயர்களோடு அதே கோப்பில் வேலையைத் தொடர வேண்டுமானால் 'எடிட் ஒரிஜினல்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஒரிஜினல்' என்ற சொல்லைப் பார்த்துத் தயங்க வேண்டாம். அது இங்கே டிஃப் கோப்பைத்தான் குறிக்கிறது, கேமரா பதிவு செய்த உங்கள் ரா கோப்பை லைட்ரூமோ ஃபோட்டோஷாப்போ தொடுவதில்லை. ஒவ்வொரு முறையும் நகல் எடுத்துக்கொண்டே போனால் வன்தட்டு வேகமாக நிரம்பும். 24 மெகாபிக்சல் படம் ஒன்று 16 பிட் டிஃப் கோப்பாகும்போது, சுருக்கமும் கூடுதல் லேயர்களும் இல்லாத நிலையிலேயே சுமார் 144 எம்.பி. ஆகிறது.

ஃபோட்டோஷாப் தேவைப்படாத மாற்றங்களுக்கு, உதாரணமாக ஒரே படத்தின் கறுப்பு வெள்ளை வடிவத்துக்கு, மெய்நிகர் நகல் ('வர்ச்சுவல் காப்பி') போதும். அதற்கெனத் தனிக் கோப்பு உருவாவதில்லை. ஒரு குறிப்பாக மட்டும் கேட்டலாக்கில் பதிவாகும். அதே காரணத்தால், கேட்டலாக் போனால் அதுவும் போய்விடும். ஒரு வடிவம் நிலைத்து இருக்க வேண்டுமானால் திருத்தத்தின் அப்போதைய நிலையைப் பதியும் 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வையுங்கள், அது படத்தின் பக்கத்திலேயே இருக்கும் எக்ஸ்எம்பி என்ற சிறு துணைக்கோப்பிலும் எழுதப்படுகிறது. கேட்டலாக் அமைப்புகளில் மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் எழுதும் வசதியை இயக்கி வைத்திருக்க வேண்டும் என்பதையும் இதனோடு சொல்லிவிடுகிறேன். அடுக்குகளும் தொகுப்புகளும் ('கலெக்ஷன்') எக்ஸ்எம்பிக்குள் போவதில்லை. பெயரை நம்புங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

ஏற்றுமதி செய்யும் ஜேபெக் கோப்புகளின் கதை வேறு. வாட்ஸ்அப்பில் அனுப்பியது, அச்சகத்துக்குக் கொடுத்தது, போட்டிக்கு அளவு குறைத்தது என்று ஒரே படத்துக்கு ஐந்து ஜேபெக்குகள் சேரும். இவை எப்போது வேண்டுமானாலும் மறுபடி உண்டாக்கக்கூடியவை என்பதால் பாதுகாக்க வேண்டிய அவசியம் இல்லை. இவற்றை மட்டும் படக் கோப்புறைகளுக்கு வெளியே தனியிடத்தில் வையுங்கள். ஏற்றுமதித் திரையில் 'ஆட் டு திஸ் கேட்டலாக்' என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். பெயரின் பின்னால் '_அச்சு' அல்லது '_2048' என்று நோக்கத்தையோ நீளத்தையோ சேர்த்தால், ஒருவர் உங்களிடம் அந்தப் படத்தின் பெரிய வடிவத்தைக் கேட்கும்போது பெயரைக் கொண்டே மூலத்துக்குச் சென்றுவிடலாம்.

கோப்புகளை இடம் மாற்றவோ பெயர் மாற்றவோ வேண்டுமானால் லைட்ரூமுக்குள்ளேயே செய்ய வேண்டும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் பதிவேட்டில் பழைய முகவரியே இருக்கும். கோப்புறையின் மேல் கேள்விக்குறி தோன்றும். அப்படி நேர்ந்துவிட்டால் பதற வேண்டாம், கோப்புறையின் மேல் வலது சொடுக்கி அது இப்போது உள்ள இடத்தைக் காட்டினால் சரியாகிவிடும். அந்த நேரத்தில் படங்களைக் கேட்டலாக்கிலிருந்து நீக்கி மீண்டும் இறக்குமதி செய்யாதீர்கள். மெய்நிகர் நகல்களையும் அடுக்குகளையும் இழப்பீர்கள். லைட்ரூம் அவ்வப்போது எடுக்கச் சொல்லும் காப்பு நகலில் கேட்டலாக் மட்டுமே அடங்கும். படங்களுக்கு நீங்கள்தான் வேறொரு வன்தட்டில் நகல் வைக்க வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு கோப்புறைகளாகப் பிரித்து வைத்திருப்பவர்கள் இரண்டையும் கேட்டலாக்கில் சேர்த்துவிட்டு, 'ஆல் ஃபோட்டோகிராஃப்ஸ்' பார்வையில் எடுத்த நேரப்படி வரிசைப்படுத்துங்கள். டிஃப் கோப்பு மூலத்தின் நேரத்தையே சுமந்திருப்பதால் பெரும்பாலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டுக்கும் எஃப்2 விசையால் புதிய முறைப்படி பெயர் வையுங்கள். பிறகு டிஃப் கோப்பை மூலக் கோப்பின் கோப்புறைக்கு இழுத்து, கன்ட்ரோல் ஜி அழுத்தி அடுக்காக்குங்கள். நேர இடைவெளியைச் சுழியமாக வைத்துத் தானாக அடுக்கும் வசதியும் உண்டு, ஆனால் ஒரே நொடியில் எடுத்த தொடர் படங்களையும் அது ஒன்றாகக் கட்டிவிடும் என்பதால் பறவைகளை எடுப்பவர்களுக்கு அது உதவாது. ஒரு மாதத்துப் படங்களை எடுத்துக்கொண்டு, அதை முழுதாக முடித்து, காப்பு நகல் எடுத்த பிறகு அடுத்த மாதத்துக்குச் செல்லுங்கள்.